2010இல் வாங்கிய கம்ப்யூட்டரும் அதன் திரையோடு நான் பட்ட பாடும்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை 2010இல் வாங்கினோம். கோர் 2 டுயோ பிராசசர், ஜி41 சிப்செட் போர்டு, 2 ஜிபி ராம், 18.5 அங்குல எல்சிடி மானிட்டர். இன்றைக்கும் ஓடுகிறது. தினமும் காலையில் அப்பா கடைக் கணக்கை அதில்தான் ஏற்றுகிறார், புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றால் "அதுல எழுத்து பொடியா இருக்குடா" என்று பேச்சை முடித்துவிடுவார். ஆகவே இதைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பெட்டி பெரிதாகப் படுத்தியதில்லை, படுத்தியதெல்லாம் டிஸ்ப்ளேதான், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேஷத்தில்.

முதல் ஏழு வருஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மார்கழியில் ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்தால் படம் இரண்டு விநாடி வந்து அணைந்துவிடும், பச்சை விளக்கு மட்டும் எரியும். பவர் பட்டனை ஐந்தாறு முறை அமுக்கி அமுக்கி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும், கொஞ்சம் சூடேறிவிட்டால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்காமல் "பேனல் போச்சு சார், புதுசு எடுத்துக்கங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, திரை அணைந்திருக்கும்போது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். டெஸ்க்டாப் ஐகான்கள் நிழல் போல மங்கலாகத் தெரிந்தன! படம் வருகிறது, பின்னால் இருக்கிற விளக்குதான் எரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்து எல்சிடிகள் பலவற்றைப் போல இதிலும் எல்ஈடி கிடையாது, மெல்லிய டியூப் லைட்டுகள்தான். அவற்றை எரிய வைக்கிற சர்க்யூட்டுக்குப் போதுமான கரண்ட் போகவில்லை என்றால் அது தானாகவே நிறுத்திவிடும்.

எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி, பின்மூடியைச் சுற்றிலும் டக் டக்கென்று கழற்றினார். பவர் போர்டைக் காட்டி, "பாத்தீங்களா தம்பி, கண்டன்சர் தலை வீங்கிருக்கு" என்றார். கரண்டைத் தேக்கி வைக்கிற குட்டி உருளைகள் அவை, தலை தட்டையாக இருக்க வேண்டிய இரண்டு உப்பிப் போய், ஒன்றின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. திருச்சி வெயிலில், காற்று புகாத மூலையில் அத்தனை வருஷம் இருந்தால் உள்ளே இருக்கிற திரவம் வற்றத்தானே செய்யும். 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று எழுதியிருந்தது. மைக்ரோஃபாரட், அதாவது தேக்கும் அளவு, அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லி 25 வோல்ட், 105 டிகிரி தாங்குகிற ரகம் போட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய் ஆகவில்லை. இதை நானே செய்திருக்கலாமே என்று தோன்றியது உண்மை. ஆனால் அதே போர்டில் இருக்கிற பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அடுத்த வேஷம் மஞ்சள். ஒரு நாள் வெள்ளை எல்லாம் மஞ்சளாகிவிட்டது. பெட்டியிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுவருகிற விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியில் வருகின்றன, நீலம் விட்டுப்போனால் மஞ்சள், பச்சை விட்டுப்போனால் ஊதா கலந்த சிவப்பு. கழற்றி மறுபடி செருகித் திருகை இறுக்கினேன், முடிந்தது கதை.

ஆனால் அதே கேபிள் பிறகு என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. எழுத்தெல்லாம் திடீரென்று அகலமாக, பிசிறு பிசிறாகிவிட்டது. திரையின் புள்ளி அளவு 1366க்கு 768 இருக்க வேண்டிய இடத்தில் 1024க்கு 768தான் பட்டியலிலேயே இருந்தது. டிரைவரை எடுத்தேன், போட்டேன், மறுபடி எடுத்தேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்ற பின் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாறியிருந்தோம், அதனால் பழியை அதன் மேல் போட்டேன். டெர்மினலில் கட்டளை கொடுத்து நானே ஒரு அளவை உருவாக்கினால் 1368 என்று வந்து நிற்கிறது. 1366 எட்டால் வகுபடாது, அதனால் அந்தக் கணக்கு அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது. கடைசியில் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவரிசையில் ஒரு ஊசியே இல்லை! ஆகா, அகப்பட்டது என்று நினைத்தேன், அது 9ஆவது ஊசி, பல கேபிள்களில் முதலிலிருந்தே இருக்காதாம். உண்மையான குற்றவாளி கீழ் வரிசையில் 12ஆவது, படுத்துக் கிடந்தது. "நான் இவ்வளவு அகலம்" என்று மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த வழியாகத்தான். அது பேசாவிட்டால் கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்குத் தருகிற பொது அளவைத் தந்துவிடுகிறது. குண்டூசியால் நிமிர்த்தினேன், ஒடியுமோ என்று பயந்தபடி. வந்துவிட்டது.

மழைக்காலத்தில் சில சமயம் திரை கறுப்பாக, பெட்டியிலிருந்து பீப் பீப் சத்தம் மட்டும் வரும். அது ராம். கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டால் ஒரு வருஷம் ஓடும்.

இப்போது காலையில் ஆன் செய்ததும் திரை இளஞ்சிவப்பாக வந்து, ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வெளுக்கிறது. டியூப்புகளுக்கு வயதாகிவிட்டது. எல்ஈடி பட்டை மாற்றித் தருகிறேன், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் அண்ணன். மார்ச் கணக்கு முடியட்டும் என்கிறார் அப்பா. போன மார்ச்சிலும் இதைத்தான் சொன்னார்.