நாளுக்கு நான்கு அதிகாரம்: மெக்செய்ன் வேத வாசிப்பு அட்டவணை வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவருமா?

வேதாகமத்தை ஒரு வருடத்தில் வாசித்து முடிக்கும் அட்டவணைகளில் பெரும்பாலானவை ஆதியாகமத்தில் தொடங்கி நேராக ஓடுபவை. 1189 அதிகாரங்களை 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்றேகால் வரும், கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த வேகத்தில் பிப்ரவரி பிறப்பதற்குள்ளேயே லேவியராகமம் வந்துவிடும். பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் 929 அதிகாரங்கள் இருப்பதால், மத்தேயுவைத் தொடுவதற்குள் அக்டோபர் இரண்டாம் வாரம் ஆகிவிடும். சுவிசேஷத்தின் ஒரு வரிகூட இல்லாமல் ஒன்பது மாதம் தாக்குப்பிடிக்கச் சொல்லும் ஏற்பாடு அது. வழியில் பலர் நின்றுபோவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 இறுதியில் வெளியிட்ட அட்டவணை இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கிறது. இவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தூய பேதுரு ஆலயத்தின் போதகர். தம் சபையார் வரும் வருடம் முழுவதும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்று இதை ஒரு கடிதத்தோடு கொடுத்தார். அடுத்த மார்ச்சில், 29 வயதிலேயே, காய்ச்சலில் இறந்துபோனார். அட்டவணை மட்டும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

நாளுக்கு நான்கு வரிசை. முதல் இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, அடுத்த இரண்டு தனிஜெபத்துக்கு. குடும்ப வரிசைகளில் ஒன்று ஆதியாகமம் தொடங்கி 2 நாளாகமம் வரை போகும். மற்றொன்று நான்கு சுவிசேஷம், சங்கீதம், பிறகு அப்போஸ்தலர் நடபடிகள் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை. தனி வரிசைகளில் ஒன்று எஸ்றா தொடங்கி மல்கியா வரை. மற்றொன்று நடபடிகளில் ஆரம்பித்து நிருபங்களை முடித்து, சுவிசேஷங்களுக்குத் திரும்பி, இடையில் சங்கீதங்களை இன்னொரு முறை வாசிக்க வைக்கிறது. ஆக, வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறை. கூட்டிப் பார்த்தால் 1599 அதிகாரம். நாளுக்கு நான்கு என்றால் 1460 இடம்தான் இருக்கிறது. அதனால் சிறிய சங்கீதங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். 119ஆம் சங்கீதமும் லூக்கா முதல் அதிகாரமும் மாறாகப் பிரித்துத் தரப்படும்.

ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, நடபடிகள் 1. உலகம், இரட்சகர், சிறையிருப்பிலிருந்து மீண்ட ஜனம், சபை என்று நான்கு தொடக்கங்கள் ஒரே காலையில். இது திட்டமிட்ட அழகு. ஆனால் இந்த அட்டவணையின் உண்மையான பலம், பிறகு வரும் நாட்களில் யாரும் திட்டமிடாமலே அதிகாரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதில்தான் இருக்கிறது. ஒரு பகுதி எழுப்பும் கேள்விக்குப் பக்கத்து வரிசை பதில் சொல்லும். சில நாள் எதிர்த்தும் பேசும்.

பிப்ரவரி 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 42இல் யாக்கோபு, யோசேப்பும் இல்லை, சிமியோனும் இல்லை, பென்யமீனையும் கொண்டுபோகப் பார்க்கிறீர்களே என்று மக்களிடம் புலம்புகிறார். அதே நாள் யோபு 8. பிள்ளைகளை ஒருசேரப் பறிகொடுத்த யோபுவிடம் பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்குரியதை அடைந்தார்கள் என்ற பொருளில் பேசுகிறான். அதே நாள் ரோமர் 12: அழுகிறவர்களுடனே அழுங்கள். துக்க வீட்டுக்குப் போய் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்பதற்கு இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. நேர் வரிசையில் வாசிப்பவருக்கு இவற்றுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுந்துவிடும்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். யோபு பிப்ரவரி 2 அன்று தொடங்கி மார்ச் 13 வரை பெரும்பாலும் நாளுக்கு ஓர் அதிகாரமாக நகர்கிறது. நடுவில் பல அதிகாரங்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் பேச்சு. அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்று கர்த்தர் சொல்வது 42ஆம் அதிகாரத்தில்தான். இழப்பில் இருக்கும் ஒருவர் பிப்ரவரி 9 அன்று 8ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டு, இதுதான் இன்று தேவன் எனக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்கும் மேலாகத் தவறான குற்ற உணர்வைச் சுமப்பார். அட்டவணை இதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் பிப்ரவரி 2 அன்றே யோபுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் 42ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு உள்ளே போவது நல்லது.

வேலை சம்பந்தமாகப் பார்த்தால் இந்த அட்டவணையின் சிறந்த மாதம் ஏப்ரல். ஏப்ரல் 2 அன்று நீதிமொழிகள் 20உம் கொலோசெயர் 3உம் தனி வரிசைகளில் சேர்ந்து வருகின்றன. ஒன்றில் வெவ்வேறான நிறைகற்கள். வாங்கும்போது மட்டமான பொருள் என்று குறைசொல்லிவிட்டு, வெளியே போய்ப் பெருமை பேசுகிறவன். இன்னொன்றில், எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்வது. மறுநாள் கொலோசெயர் 4 எஜமான்களிடம் திரும்பி, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைக் கொடுக்கச் சொல்கிறது. அன்றைய குடும்ப வரிசையில் லேவியராகமம் 6: ஏமாற்றி எடுத்ததை முழுசாகத் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நினைக்கும் நம் பழக்கத்தை அந்த 20 விழுக்காடு நன்றாகவே இடிக்கிறது.

ஏப்ரல் 11இல் 2 தெசலோனிக்கேயர் 3, வேலை செய்யாமல் அடுத்தவர் விவகாரத்தில் அலைகிறவர்களைப் பற்றி. ஏப்ரல் 17இல் பிரசங்கி 4உம் 1 தீமோத்தேயு 6உம். மனுஷனுடைய பாடும் திறமையும் பொறாமையில் முடிவதைப் பிரசங்கி சொல்கிறார். வருத்தத்தோடு இரண்டு கை நிறைய இருப்பதைவிட அமைதியோடு ஒரு கைப்பிடி போதும் என்கிறார். பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது என்கிறார் பவுல். பதவி உயர்வு, சம்பள உயர்வு பேச்சு நடக்கும் சமயத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக வாசித்துப் பாருங்கள்.

ஜனவரி 15ஐயும் விட்டுவிடக்கூடாது. நெகேமியா 5இல், பஞ்சத்தில் நிலத்தை அடகு வைத்த சகோதரரிடம் வட்டி வாங்கிய பெரிய மனிதர்களை நெகேமியா கடிந்துகொள்கிறார். தாமும் 12 வருடம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. மத்தேயு 15இல், காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தகப்பனைத் தாங்காமல் தப்பிக்கும் பக்தி. பணமும் பக்தியும் சந்திக்கும் இடத்தில் மனிதன் எப்படியெல்லாம் நழுவுவான் என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி அட்டவணையில் அதிகம் இல்லை.

இப்போது குறைகளுக்கு வருவோம். முதலாவது, அளவு. நான்கு அதிகாரத்தை நிதானமாக வாசிக்க இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். யோசிக்கவும் ஜெபிக்கவும் ஆகும் நேரம் தனி. ஷிஃப்ட் வேலை, கைக்குழந்தை, நீண்ட பயணம் என்று இருப்பவர்கள் நான்கையும் ஒரே அமர்வில் முடிக்கப் பார்ப்பார்கள். மூன்றாவதிலேயே கண் மட்டும் ஓடும். நான்காவது வெறும் டிக் அடிப்பதற்காக. இந்த நோய் மெக்செய்னுக்கும் தெரிந்தே இருந்தது. சடங்காக வாசிப்பது, சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, தாங்க முடியாத நுகம் என்று நான்கு ஆபத்துகளைத் தம் கடிதத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். தன் பொருளின் பக்கவிளைவுகளை அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுத்த மனிதர் என்ற மரியாதை அவருக்கு உண்டு.

இரண்டாவது, நிலுவை. மூன்று நாள் தவறினால் 12 அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் என்றால் 28. சனிக்கிழமை உட்கார்ந்து அதை அடைக்கப் பார்ப்பவர்கள்தான் மார்ச்சில் முற்றிலுமாக விட்டுவிடுகிறார்கள். பாக்கியை அடைக்கவே கூடாது. அன்றைய தேதிக்கு நேராகப் போய்விட வேண்டும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரு முறை வருவதால் தவறியது வருடத்துக்குள் இன்னொரு வாய்ப்பில் வரும். பழைய ஏற்பாட்டில் விழும் ஓட்டையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இதே அட்டவணையின் கைப்பேசி வடிவங்கள் இந்த விஷயத்தில் உதவியைவிட உபத்திரவம்: தவறிய நாளை எண்ணிக் காட்டி, தொடர் அறுந்துபோனதாகச் சொல்லிக் குத்திக்கொண்டே இருக்கும். பல வடிவங்கள் குடும்பம், தனி என்ற பிரிவையும் எடுத்துவிட்டு நான்கையும் ஒரே பட்டியலாகப் போட்டுவிடுகின்றன. பாதிச் சுமையைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும்படி செய்த ஏற்பாட்டை ஒற்றை ஆளின் தலையில் கட்டுவது அது. காகிதத்தில் அச்சிட்டு வேதாகமத்துக்குள் மடித்து வைப்பதே மேல்.

மூன்றாவது, தனி வரிசையில் மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடு வரை ஏசாயா, எரேமியா, புலம்பல், எசேக்கியேல். ஐந்தரை மாதம் தொடர்ந்து நியாயத்தீர்ப்பு. அதன் நடுவே ஆறுதலான அதிகாரங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் மனச்சோர்வில் இருப்பவருக்கு இது கனமான தீனி. அவர்கள் அந்த வரிசையைத் தயங்காமல் நிறுத்திவிட்டுச் சங்கீதங்களை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; வெளிச்சம் வருவதாக நடிக்காத அந்த ஜெபமும் வேதத்தில்தான் இருக்கிறது. அக்டோபரில் 1 இராஜாக்கள் 19 வரும். சாக வேண்டும் என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல: தூக்கம், அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. எந்த வாசிப்பு அட்டவணையும் அதற்கு மாற்று ஆகாது.

அப்படியானால் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வது? இரண்டு வருடமாக்கிவிடுங்கள். முதல் வருடம் குடும்ப வரிசைகள் இரண்டு, இரண்டாம் வருடம் தனி வரிசைகள் இரண்டு. ஒவ்வொரு வருடமும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் முழுசாக வந்துவிடும். பழைய ஏற்பாடு இரு வருடத்தில் முடியும். இதில் ஒரு நேர்த்தியும் உண்டு. முதல் வருடத்தின் டிசம்பர் 31 அன்று 2 நாளாகமம் 36, கோரேசின் கட்டளையோடு முடிகிறது. மறுநாள் எஸ்றா 1 அதே கட்டளையோடு தொடங்குகிறது. தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். இதற்கு விலை, நான்கு வரிசைகளும் உரசும் சுகம் பாதியாவது. பிப்ரவரி 9இல் யாக்கோபு ஒரு வருடத்திலும் பில்தாத் இன்னொரு வருடத்திலும் போய்விடுவார்கள். ஆனால் ஏப்ரல் 2, 17 போன்ற வேலை சார்ந்த ஜோடிகள் தனி வரிசைகளுக்குள்ளேயே இருப்பதால் தப்பிவிடும். ஆதியாகமம் முதல் இராஜாக்கள் வரையிலான கதை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர் தனி வரிசைகளிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டில் புதிய ஏற்பாட்டுப் பகுதி காலையில், பழைய ஏற்பாட்டுப் பகுதி இரவில். விளக்கவுரை வேண்டுமானால் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் திறந்தால் விளக்கவுரைதான் வாசிப்பாகும். மெக்செய்ன் சொன்ன இரண்டு யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தனியாக வாசிக்கும்போது ஓரிரு வசனங்களை ஜெபமாக மாற்றுவது ஒன்று. குடும்பத்தில் வாசிக்கிறவர் முன்கூட்டியே அதிகாரத்தைப் பார்த்து, முக்கியமான இரண்டு மூன்று வசனங்களைக் குறித்துவைத்து எளிய கேள்வி கேட்பது மற்றொன்று. இதோடு சிறிய நோட்டில் நாளுக்கு இரண்டு வரி எழுதலாம்: பகுதி சொல்வது என்ன, இன்று அது தொடப்போகிற ஆள் அல்லது வேலை எது. இரண்டாவது வரியில் பொதுவாக எழுதினால் பயனில்லை. "நேர்மையாயிருக்க வேண்டும்" என்பது வாசித்த மறுநிமிடம் மறந்துபோகும். "பயணப்படி பில்லில் கூட்டிப் போட்ட தொகையை இன்று திருத்தி அனுப்ப வேண்டும்" என்பது மறக்காது. எதுவும் தோன்றாத நாளில் அந்த வரியைக் காலியாக விடுங்கள். எஸ்றா 2இன் பெயர்ப் பட்டியலிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு பாடம் பிழிந்தெடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தொடங்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதியில் இறங்கலாம். ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறவர் மட்டும் தனி வரிசையை விட்டுவிட்டுக் குடும்ப வரிசையில் இறங்கட்டும். தனி வரிசையில் அப்போது எரேமியாவின் நடுவில் போய் விழ வேண்டியிருக்கும். குடும்ப வரிசையிலோ யோசுவாவும் நியாயாதிபதிகளும் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் சங்கீதம் முடிந்து நடபடிகள் தொடங்கியிருக்கும்.