காக்கியே: நீண்ட காலம் பழகினால் எது நிற்கிறது, எது தேய்கிறது

கைக்கெட்டும் தூரத்துக்கான ஜோடிப் பயிற்சி என்று கேட்டால் பல கராத்தே வகுப்புகளில் கிடைப்பது சான்போன் குமித்தேதான். ஒருவர் மூன்று எட்டு முன்வைத்துக் குத்துவார், மற்றவர் பின்வாங்கித் தடுப்பார். தூரக்கணக்குப் படிய அது நல்ல பயிற்சி. ஆனால் முழங்கைகள் உரசும் நெருக்கத்தில் பின்வாங்க இடமும் இல்லை, பார்த்துத் தடுக்க நேரமும் இல்லை. தயாராக நிற்பவருக்கே கண்ணில் பட்டதற்குக் கை அசையச் சுமார் 200 மில்லி வினாடி ஆகும். வருவது குத்தா, பிடியா என்று பிரித்தறிய இன்னும் கூடும். தொடுதலுக்கான எதிர்வினை இதைவிடச் சற்று விரைவு. இருவர் மணிக்கட்டை ஒட்டவைத்து மாறிமாறித் தள்ளும் காக்கியேயின் பயன் முழுவதும் அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒகினாவாவின் மியாகி சோஜுன் (1888–1953) நிறுவிய கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவில் இது முக்கியமான ஜோடிப் பயிற்சி. இருவரும் வலது காலை முன்வைத்துச் சான்சின் நிலையில் எதிரெதிரே நிற்கிறார்கள்: தோள் அகலம், முன்குதிகாலும் பின்கால் பெருவிரலும் ஒரே கோட்டில், எடை இரண்டு கால்களிலும் சமம். வலது மணிக்கட்டுகளின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும். ஒருவர் உள்ளங்கையால் எதிராளியின் நடுமார்பை நோக்கித் தள்ளுவார். வாங்குபவர் மோதி நிறுத்தாமல், முழங்கையைத் தாழ்த்தி, மணிக்கட்டைச் சுழற்றி, அந்த விசையைத் தன் பக்கவாட்டுக்கு இழுத்துவிட்டுத் திருப்பித் தள்ளுவார். தள்ளும்போது மூச்சு வெளியே, வாங்கும்போது உள்ளே. முழங்கை விலாவிலிருந்து ஒரு முஷ்டி அகலத்துக்கு மேல் விலகக் கூடாது. கைக்கு 3 நிமிடம், பிறகு காலும் கையும் மாற்றம். இடது கைக்கும் அதே நேரம் கொடுங்கள். பெரும்பாலும் அது ஒப்புக்கு ஒரு நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

எவ்வளவு அழுத்தம் என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் இடைவிடாமல், எதிராளியின் மையத்தை நோக்கியே இருக்க வேண்டும். ஒகினாவாவில் முச்சிமி என்று சொல்லும் அந்தக் கனமான ஒட்டுதல் இதிலிருந்து வருகிறது. பலம் கூடினால் பயிற்சி மல்யுத்தமாகிவிடும்: தோள் காதை நோக்கி ஏறும், உடல் முன்சாயும், தோல் சொல்லும் சேதி தசை இறுக்கத்தில் அமுங்கிப்போகும். அழுத்தமே இல்லாவிட்டால் அது வெறும் கை நடனம். சரிபார்க்க எளிய வழி உண்டு. எதிராளி சொல்லாமல் கையை எடுத்துவிடட்டும். உங்கள் உள்ளங்கை தானாகவே அவர் மார்பில் போய் நின்றால் அழுத்தம் சரி. நீங்கள் ஓரடி முன்னால் தள்ளாடினால் சாய்ந்திருக்கிறீர்கள். கை வெளிப்பக்கமாக விலகினால் தள்ளியது அவரை அல்ல, அவர் கையை.

நீண்ட காலப் பழக்கத்தில் முதலில் தொலைவது வேகமோ பலமோ அல்ல, அடுத்தது என்ன என்று ஊகிக்க முடியாத தன்மை. ஒரே பார்ட்னருடன் சில மாதம் சுற்றினால் வட்டம் கடிகாரம்போல் சீராகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இருவரும் அடுத்த அசைவை முன்கூட்டியே அறிந்திருப்பார்கள், எதிர்வினை என்ற ஒன்றே அங்கே நடக்காது. மருந்து, வட்டத்தை முறிப்பது. 2 நிமிடச் சுற்றில் ஒருவருக்கு மட்டும் முறிக்கும் உரிமை கொடுங்கள். எப்போது என்று சொல்லாமல் அவர் கையை எடுக்கலாம், மணிக்கட்டை அமுக்கலாம், ஹிக்கித்தேயாக, அதாவது கையைப் பற்றித் தன் இடுப்பை நோக்கி, இழுக்கலாம், ஒட்டிய கைக்கு மேலாக மறு கையால் தள்ளலாம். முதலில் ஒரு வகை மட்டும். அது தடுமாற்றமின்றி வந்தபின் இரண்டைக் கலக்கலாம். நான்கையும் முதல் வாரமே திறந்துவிட்டால் வாங்குபவர் பதறி, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாகக் கையை மேலே வீசப் பழகுவார். அந்தப் பழக்கத்தை அழிப்பது சிரமம்.

கண்ணை மூடிச் செய்வது நன்றாகவே வேலை செய்கிறது, தள்ளுவதும் கையை எடுப்பதும் மட்டும் உள்ளவரை. முழங்கைத் தாக்குதலும் முகத்தை நோக்கிய கையும் சேர்ந்தால் கண் திறந்தே இருக்கட்டும். கோத்தே கிதாயை இதன் மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. முன்கைகளை வரிசை மாறாமல் மோதவிடும் அது கையைத் திடமாக்கும். அடுத்த மோதல் எது என்று முன்பே தெரிவதால் அனிச்சைக்கு அதில் வேலையில்லை.

காக்கியேயின் பெரிய குறை, தொடுதலிலிருந்தே தொடங்குவது. நிஜத்தில் அந்தத் தொடுதலை முதலில் சம்பாதிக்க வேண்டும். அதனால் வாரத்தில் ஒரு வகுப்பிலாவது, நீட்டிய முஷ்டிகள் தொடும் தூரத்தில் தொடங்குங்கள்: எதிராளி பாதி வேகத்தில் நேர்க்குத்து விடட்டும், தடுத்த கை அங்கேயே ஒட்டிக் காக்கியேக்குள் நுழையட்டும். தடுத்தவுடன் கையை இடுப்புக்கு இழுத்துக்கொள்ளும் கிஹோன் (அடிப்படைப் பயிற்சி) பழக்கம் இங்கே தடையாக நிற்கும். புள்ளிப் போட்டிக்காக மட்டும் பழகுபவர்களுக்குப் பலன் குறைவு. பிடித்து நிற்பதை நடுவர் சீக்கிரம் பிரித்துவிடுவார்.

தேய்மானமும் உண்டு. எதிராளியின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் வளைத்து இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கும். மணிக்கட்டை வளைத்துக் கொக்கிபோல் மாட்டினால் போதும். கி எனும் பயிற்சி உடை கெட்டித் துணி என்றால் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிடுங்கள், துணி வழியாக நுண்ணிய அழுத்தம் தெரியாது. நகம் வெட்டி, வாட்சும் மோதிரமும் கழற்றியிருக்க வேண்டும். தோள் ஒருமுறை நழுவியவர்கள் இழுக்கும் வகையை விட்டுவிட்டுத் தள்ளும் வட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.