அகழெலியோடு மூன்று வருடம்: அந்த ஐந்து நட்சத்திரத்தைத் திரும்பப் பெறுகிறேன்

மண்ணுக்குள் சுரங்கம் தோண்டிப் புல்தரையில் மண்மேடு போடும் அகழெலியை (ஆங்கிலத்தில் 'மோல்') விரட்டுவதற்காக, முதல் வருடம், கோடை தொடங்கும் சமயத்தில், வெயிலில் சார்ஜ் ஆகும் அதிர்வுக் கம்பி ஒன்றை வாங்கிப் புல்தரையில் நட்டேன். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தரைக்குள் 'ட்ர்ர்' என்று முனகும். இரண்டே வாரத்தில் புது மண்மேடு வருவது நின்றுபோனது. அன்று ராத்திரியே உட்கார்ந்து, 'அருமையான பொருள், கொல்லாமல் விரட்டுகிறது' என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டேன். அதைப் படித்துவிட்டு யாராவது வாங்கியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் முதல் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் காலடியில் ஈரம் காயாத, சலித்துக் கொட்டினதுபோல ஒரு மண்மேடு. அகழெலி அந்தக் கம்பியை ஒட்டியே தோண்டி, மண்ணை மேலே தள்ளி, கம்பியையும் நெம்பிவிட்டிருந்தது. பாவம், கம்பி அப்போதும் 'ட்ர்ர்' என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. அகழெலியின் முக்கிய உணவு மண்புழு. மேல்மண் ஈரமாக இருக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் புழுக்கள் மேலே இருக்கும், அகழெலியும் மேலே இருக்கும். கோடையில் மண் காய்ந்தால் புழு கீழே இறங்கும், பின்னாலேயே இதுவும் இறங்கும். உறைபனிக் காலத்திலும் அதே கதைதான். அதாவது, கோடைத் தொடக்கத்தில் எதை நட்டிருந்தாலும் பலித்திருக்கும். ஒரு துடைப்பக் குச்சியை நட்டிருந்தால் அதற்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். அதிர்வும் ஒலியும் அகழெலியை விரட்டுவதில்லை என்று பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பிரிவுகள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. நான்தான் அதைப் படிக்காமல் விளம்பரத்தைப் படித்தேன். ஆகவே இந்த விஷயத்தில் ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு எழுதிய எந்த அனுபவத்தையும் நம்பாதீர்கள். இரண்டு வசந்தம், இரண்டு இலையுதிர் காலம் தாண்டிய பிறகு என்ன ஆயிற்று என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இப்போது மூன்று வருடம் ஆகிறது.

பொருட்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், தோட்டத்தில் இருப்பது அகழெலிதானா என்று பார்த்துவிடுங்கள். முதலில் எங்கள் வீட்டில் எல்லாரும் பெருச்சாளி என்றுதான் சொன்னோம். ஆனால் இது எலி இனமே இல்லை. கொறிக்கிற பிராணியும் இல்லை. மூஞ்சூறுக்குத்தான் தூரத்து உறவு. மேடு எரிமலைபோல வட்டமாகக் குவிந்து, நடுவில் ஓட்டை எதுவும் தெரியாமல் இருந்தால், கூடவே புல்லுக்கடியில் நரம்பு புடைத்ததுபோல நீளமான கோடுகள் ஓடினால், அகழெலி. கிழங்கும் வேரும் கடிபட்டிருந்தால் அது வேறு ஆள், பெரும்பாலும் வயல் எலி. அகழெலியின் சுரங்கத்தை அதுவும் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் பழி மட்டும் இதன் தலையில் விழுகிறது. எங்கள் வீட்டில் லில்லிக் கிழங்குகள் காணாமல்போனதற்கும் முதல் வருடம் முழுக்க அகழெலியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், இருபது மேடு இருப்பதால் இருபது அகழெலி இருப்பதாக நினைக்க வேண்டாம். இது தனியாக வாழும் பிராணி. தன் எல்லைக்குள் இன்னொன்றைச் சேர்க்காது. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து மீட்டர் மேல்சுரங்கம் தோண்டிவிடும். எங்கள் பின்பக்கம் முழுவதையும் உழுதது ஒன்றோ, அதிகம் போனால் இரண்டோதான். ஒன்றை அப்புறப்படுத்தினால் காலியான சுரங்கத்துக்குப் பக்கத்து எல்லைக்காரர் குடிவந்துவிடுவார் என்பதுதான் இதிலிருக்கும் தொல்லை. கொன்றாலும் இதே கதைதான். எனக்குக் கொல்ல மனமும் இல்லை. விஷ உருண்டை வைத்தால் வீட்டு நாய்க்கு ஆபத்து என்ற பயம் வேறு.

இரண்டாவது வருடம் விளக்கெண்ணெய்க்கு வந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்த காலம் போய், தரைக்கே விளக்கெண்ணெய் விட ஆரம்பித்தாயிற்று என்று வீட்டில் கிண்டல். ஆனால் விரட்டிகளில் ஏதோ ஆதாரம் உள்ளது இது ஒன்றுதான். 1990களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கிழக்கு அகழெலி என்ற இனத்திடம் சோதித்துப் பார்த்ததில், விளக்கெண்ணெய் கலவை அடித்த இடங்களில் சேதம் குறைந்தது. அது ஒரே ஓர் இனத்தில் கண்ட முடிவு. உங்கள் ஊர் அகழெலி வேறு இனமாக இருக்கலாம்.

கடையில் கிடைக்கும் விளக்கெண்ணெய்க் குருணையையும் வாங்கினேன், வீட்டிலேயே கலந்தும் பார்த்தேன். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பால்போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். எனக்கு இரண்டு தடவை அடைத்தது. தெளித்த கையோடு நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்க வேண்டும். புல்லின்மேலேயே நின்றுவிட்டால் பயனில்லை, வழுக்கவும் செய்யும்.

நான் செய்த பெரிய தப்பு, முதல் தடவை தோட்டம் முழுவதும் ஒரே நாளில் தெளித்தது. அகழெலி எங்கே போகும்? நடுவில் மாட்டிக்கொண்டு கண்டபடி தோண்டியது. அந்த வாரம்தான் மேடுகள் மிக அதிகம். அடுத்த தடவை வீட்டை ஒட்டிய பக்கத்தில் தொடங்கி, சில நாள் விட்டு விட்டு, பட்டை பட்டையாகப் பின்வேலி நோக்கி நகர்ந்தேன். அப்போது வித்தியாசம் தெரிந்தது. முன்பக்கம் சுமார் ஐந்து வாரம் சுத்தமாக இருந்தது. பிறகு மூன்று நாள் அடைமழை, எண்ணெய் கரைந்து போயிற்று, ஆளும் திரும்பி வந்தாயிற்று. ஒரு வருடத்தில் நான்கைந்து தடவையாவது தெளிக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டால் இது உருப்படியான பொருள். ஒரு தடவையோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். புடைத்திருக்கும் சுரங்கத்தை ஓரிடத்தில் காலால் மிதித்துத் தட்டையாக்கி, பக்கத்தில் ஒரு குச்சி நடுவேன். மறுநாள் அந்த இடம் திரும்பப் புடைத்திருந்தால் அது நடமாட்டமுள்ள வழி. இல்லாவிட்டால் கைவிட்ட வழி. மேல்சுரங்கங்களில் பல, இரை தேடி ஒரே ஒரு தடவை போனவைதான். அவற்றில் எண்ணெய் தெளிப்பதும் பொறி வைப்பதும் வீண்.

சரி, பொறிக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. உயிரோடு பிடிக்கும் குழாய்ப்பொறி ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் சின்னக் கதவு. சுரங்கத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, குழாயை அதே மட்டத்தில் பொருத்தி, வெளிச்சம் நுழையாமல் மூடிவிட வேண்டும். பெட்டியின் மேல் 'மனிதாபிமானமானது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நான் வாங்கியதில் மிகக் கொடூரமான பொருள் அதுதான் என்று இன்று சொல்வேன்.

முதல் நாள் இரவு வைத்தேன். காலையில் அவசரமாக வேலைக்குப் போனவன், மாலை வந்துதான் திறந்தேன். உள்ளே செத்துக் கிடந்தது. அன்றுதான் முதல் தடவையாக ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கிறேன். உள்ளங்கை அளவு. கறுப்பு வெல்வெட் மாதிரி ரோமம். முன்னால் தடவினாலும் பின்னால் தடவினாலும் ஒரே மாதிரி படிந்தது, சுரங்கத்தில் முன்னும் பின்னும் நகர்வதற்காக அப்படி. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிதாக இரண்டு கைகள், உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, ரோஸ் நிறத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டைவிரல்போல ஓர் எலும்புத் துருத்தலோடு. நகங்களுக்குள் குழாயில் பிறாண்டிய பிளாஸ்டிக் துகள்கள்.

அகழெலி தன் எடையில் பாதிக்குக் குறையாமல் தினமும் தின்ன வேண்டிய பிராணி. இரவும் பகலும் சில மணி நேரம் வேலை, சில மணி நேரம் தூக்கம் என்று மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருக்கும். அரை நாள் பட்டினி போட்டால் தாங்காது. பயத்திலேயே செத்துப்போவதும் உண்டு. ஆகவே இந்தப் பொறியை வைத்தால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும், எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் வைத்து, உள்ளே ஒரு பிடி மண்புழு போட்டு, மற்ற நேரம் எடுத்துவிட வேண்டும். வசந்தத்தில் வைக்கவே கூடாது. அது குட்டி போடும் காலம். தாய் மாட்டினால் வளைக்குள் நாலைந்து குட்டிகள் பட்டினியில் போய்விடும்.

இரண்டாவது தடவை விதிப்படி செய்து உயிரோடு ஒன்றைப் பிடித்து, தோட்டத்துக்குப் பின்னாலுள்ள மரக்கூட்டத்தின் ஓரத்தில் விட்டேன். மண்ணைத் தொட்டதும், நீச்சல்காரன் தண்ணீரைத் தள்ளுவதுபோல இரண்டு கையால் தள்ளி, அரை நிமிடத்துக்குள் கண்ணுக்கு மறைந்தது. நான்காம் நாள் அதே சுரங்கம் திரும்பப் புடைத்தது. அதே ஆளா, வேறு ஆளா, யாருக்குத் தெரியும்! இதைச் செய்வதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். பிடித்த காட்டுவிலங்கை வேறிடத்தில் விடுவதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. ஜெர்மனியில் அகழெலி பாதுகாக்கப்பட்ட உயிரினம், அனுமதியில்லாமல் பிடிப்பதே சட்டவிரோதம். என் குழாய்ப்பொறி இப்போது பரணில் இருக்கிறது. யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

கடைசியில் கைகொடுத்தது வலைதான். இதிலும் இரண்டு விதம் உண்டு. பூப்பாத்தியைச் சுற்றி, ஒன்றேகால் சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அடிப்பாகத்தை ஆங்கில 'எல்' எழுத்துபோல வெளிப்பக்கம் மடித்தேன். துத்தநாகம் பூசியதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்து வீணாகிவிடும். அந்தப் பள்ளம் தோண்ட இரண்டு விடுமுறை நாளும் என் இடுப்பும் செலவாயின. இரண்டு வருடமாக அந்தப் பாத்திக்குள் அகழெலி வரவில்லை.

புல்தரைக்குப் படுக்கை வலை. ஏற்கெனவே பாதி செத்துப்போயிருந்த முன்பக்கப் புல்லை எடுத்துவிட்டு, மட்டம் செய்து, பிளாஸ்டிக் வலையை விரித்து, மேலே ஐந்து சென்டிமீட்டர் மண் போட்டுப் புதுப் புல் பதித்தோம். அகழெலி கீழே தாராளமாக நடமாடலாம், மண்ணை மட்டும் மேலே தள்ள முடியாது. வேர் வலைக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். ஆனால் இரண்டு வலைத் துண்டுகள் சேரும் இடத்தில் நான் விரற்கடை அளவு மட்டும் ஒன்றின்மேல் ஒன்று விட்டிருந்தேன். இலையுதிர் காலத்தில் அந்த இணைப்பின் மேலேயே, அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல நேர்க்கோட்டில் நான்கு மேடுகள். திரும்பத் திறந்து, ஒரு சாண் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று வரும்படி போட்டு முளையடித்தேன். அதற்குப் பிறகு முன்பக்கத்தில் ஒரு மேடும் இல்லை. குறை என்றால், மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்கும் இயந்திரத்தை இனி அங்கே ஓட்ட முடியாது, பற்கள் வலையைக் கிழித்துவிடும். நன்றாக இருக்கும் புல்தரையை இதற்காகப் பெயர்ப்பதும் வீண் வேலை. புதிதாகப் புல் போடுபவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் புழு மருந்து போட்டார். வண்டுப்புழு செத்தால் அகழெலி பட்டினியில் போய்விடும் என்பது அவர் கணக்கு. மண்புழு இருக்கும்வரை அதற்கு என்ன கவலை? அவர் தோட்டத்தில் மேடுகள் குறையவில்லை. பாச்சை உருண்டை, சூயிங்கம், தலைமுடி, உடைந்த கண்ணாடி என்று ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்களையும் கேட்டாயிற்று. பாச்சை உருண்டை மண்ணுக்கு விஷம், கண்ணாடி பிற்பாடு நம் கையைத்தான் கிழிக்கும்.

பராமரிப்பில் நான் மாற்றியது கொஞ்சம்தான். தினமும் லேசாகத் தண்ணீர் தெளிப்பதை விட்டு, வாரம் ஒரு தடவை ஆழமாக விடுகிறேன். தினசரி ஈரம் புழுவை மேலேயே வைத்திருக்கும். புடைத்த கோடுகளை அன்றே மிதித்துத் தண்ணீர் விட்டால், வேர் மண்ணோடு ஒட்டிப் புல் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் வேர் காற்றில் காய்ந்து மஞ்சள் கோடு விழும். மேடுகளை மட்டும் மிதிக்கக் கூடாது, அடியிலிருக்கும் புல் செத்துவிடும். காய்ந்ததும் ரேக்கால் பரப்பிவிட வேண்டும். பரப்பாமல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் பிளேடு மழுங்கும். எனக்கு ஒன்று போயிற்று.

பின்பக்க மூன்றில் ஒரு பங்கை நாங்கள் அதற்கே விட்டுவிட்டோம். அங்கே எண்ணெயும் இல்லை, வலையும் இல்லை. இந்த வசந்தத்தில் ஒரு காலையில் பதினொரு மேடு எண்ணினேன். மண் கட்டியே இல்லாமல் பொலபொலவென்று இருக்கும். மனைவி அதை வாளியில் அள்ளித் தொட்டிச் செடிகளுக்குப் போடுகிறாள். மேடு வராத வாரத்தில், "என்னங்க, இன்னிக்கு மண்ணு வரலியா?" என்று கேட்கிறாள். அதிர்வுக் கம்பி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. சத்தம் போன வருடமே நின்றுவிட்டது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை அதில் சுற்றி வைக்கிறோம், அதற்கு நல்ல உயரம்.