பழைய ஜி31 கணினியும் காணாமல் போகும் ஹார்டு டிஸ்க்குகளும்

2009-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி இன்னும் ஓடுகிறது. கோர் 2 டுவோ, ஜி31 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்2 ராம். தட்டச்சு, வீட்டுக் கணக்கு, குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பது, இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? இத்தனை வருடத்தில் ராமோ பிராசசரோ ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. உயிரை வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஹார்டு டிஸ்க்குகள் திடீர் திடீரென்று பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) தெரியாமல் போவது.

'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று திரையில் வந்தாலே டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே இருந்தால் அது வேறு கதை, பெரும்பாலும் பூட் வரிசை மாறியிருக்கும், இல்லையென்றால் விண்டோஸ் கெட்டிருக்கும். என் கணினியில் சிமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைக்கும், மதர்போர்டிலுள்ள சிறு பேட்டரி) தீர்ந்தபோது இதுதான் நடந்தது: தேதி பின்னோக்கிப் போகும், படங்கள் வைத்திருக்கும் 1 டிபி டிஸ்க் வரிசையில் முதலாவதாக வந்து நிற்கும், அதில் விண்டோஸே இல்லை. சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன், முடிந்தது. (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடில் பழைய ஐடிஇ-யோடு ஏஹெச்சிஐ வசதியும் உள்ள போர்டுகளில், பேட்டரி மாற்றிய பிறகு அந்த மோடையும் பார்த்துவிடுங்கள். அது ஐடிஇ-க்குத் திரும்பியிருந்தால் விண்டோஸ் 7, 0x0000007B என்று நீலத்திரை காட்டும். பழையபடி மாற்றிவைத்தால் போதும், ஃபார்மட் எல்லாம் தேவையில்லை.)

அடுத்தது, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள். கிளிப் இல்லாத பழைய கேபிள்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 199 என்ற எண்ணுள்ள (அதில் C7 என்று தெரியும்) சிஆர்சி பிழைக் கணக்கை, அதாவது கேபிள் வழியே தகவல் போகும்போது வரும் பிழைகளின் கணக்கைக் கவனியுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு குறையாது, ஆனால் அதோடு நின்றுவிடும். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, 197 (அதில் 05, C5) ஆகியவற்றின் கணக்கு ஏறினால்தான் டிஸ்க்குக்கே நோய். அப்போது நோண்டிக்கொண்டிருக்காமல் முதலில் பேக்கப் எடுங்கள்.

உண்மையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான். காலையில் ஆன் செய்தால் 320 ஜிபி, 1 டிபி இரண்டுமே தெரியாது. அப்படியே விட்டு கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் அழுத்தினால் இரண்டும் வந்துவிடும். மாலையில் ஆன் செய்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. சர்வீஸ் கடையில் காட்டியதற்கு இரண்டு டிஸ்க்கும் அவுட் என்றார்கள், டேட்டா ரெக்கவரிக்கு ஒரு தொகையும் சொன்னார்கள். இரண்டு கம்பெனி டிஸ்க், வேறு வேறு வயது, ஒரே வாரத்தில் சொல்லிவைத்தாற்போல எப்படிச் சாகும்? இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தானே சந்தேகப்பட வேண்டும்!

வழி காட்டியது ஒரு பழைய லேப்டாப் டிஸ்க். அதே கேபிள், அதே போர்ட், காலை நேரம், உடனே தெரிந்தது. அந்த 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் மோட்டார் சுற்றுவதற்கு 12 வோல்ட் வேண்டும், அதுவும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், ஓட ஆரம்பித்த பிறகு அவ்வளவு இழுக்காது. ரீஸ்டார்ட் செய்தால் ஏன் தெரிந்தது என்பதும் இதில் விளங்கிவிட்டது: அதற்குள் தட்டு சுற்ற ஆரம்பித்திருக்கும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு வயர் மொலெக்ஸ் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. ஆன் செய்தவுடன் என்னுடையது 11-ஐத் தொட்டுவிட்டு மெல்ல ஏறியது. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது, மேலே 450 வாட்ஸ் என்று பெருமையாக ஒட்டியிருந்தார்கள். காற்றோட்டத் துளை வழியாக டார்ச் அடித்தால் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) உப்பியிருப்பது தெரிந்தது. அதைக் கழற்றித் திறந்து பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு காலை, மாலை எப்போது ஆன் செய்தாலும் இரண்டு டிஸ்க்கும் தெரிகின்றன. கடையில் "எத்தனை வாட்ஸ் வேணும்?" என்றுதான் கேட்பார்கள், நீங்கள் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இப்போது வரும் மாடல்களில் மொலெக்ஸ் முனைகள் குறைவு, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஐடிஇ டிவிடி ரைட்டர் இன்னும் வைத்திருப்பவர்கள் அதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.