காசு கொடுத்து வாங்கிய கணித லைப்ரரி: நேர்மாறு அணியே பொய்

லுவா என்ற நிரல்மொழியில் விளையாட்டு எழுதுகிறவர்கள், வெக்டர் மற்றும் அணி (எண்களை நிரை, நிரலாக அடுக்கிய கட்டம்) கணக்குகளுக்காக லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த குறியீட்டுத் தொகுப்பு, வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் குறியீட்டில்தான் தவறு என்று நினைத்து மூன்று இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

“எந்த 4×4 அணிக்கும் நேர்மாறு, முழுமையாகச் சோதிக்கப்பட்டது, மிக வேகமானது” என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓர் அணி செய்த மாற்றத்தைத் திரும்ப நீக்கும் அணிதான் நேர்மாறு. கேமரா நன்றாகவே நகர்ந்தது, பொருள்களும் சரியாகச் சுழன்றன. ஒரு கதவை இரு மடங்கு பெரிதாக்கிய அன்று வினை தொடங்கியது. தொட்ட புள்ளி கதவில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க நேர்மாறு வேண்டும். பூட்டைத் தொட்டால், அந்தப் புள்ளி கதவுக்கு வெளியே எங்கோ விழுந்தது. மதிப்பை அச்சிட்டுப் பார்த்தேன்: 0.5 வர வேண்டிய இடத்தில் 2. எங்கு தொட்டாலும் சரியாக நான்கு மடங்கு.

அந்த நான்குதான் காட்டிக்கொடுத்தது. மூலக் குறியீட்டைத் திறந்தேன். சுழற்சியும் அளவும் அடங்கிய 3×3 பகுதியின் நிரைகளை நிரல்களாகத் திருப்பிப் போட்டு, இடப்பெயர்ச்சியை அதற்கேற்ப மாற்றிவிட்டு, அதையே நேர்மாறு என்று கொடுக்கிறார்கள். நேர்மாறு காண வகுக்க வேண்டிய எண்ணான அணிக்கோவை என்ற பேச்சே இல்லை. வெறும் சுழற்சிக்கு இந்தக் குறுக்குவழி செல்லும். அளவு மாறினால் செல்லாது. இரண்டால் வகுக்க வேண்டியதை இரண்டால் பெருக்கிவிடும். அவர்கள் சொன்ன வேகம், வேலையைச் செய்யாததால் வந்த வேகம்.

இதைக்கூடக் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். சோதனைக் கோப்புகளைப் பார்த்ததும் கொதித்துப்போனேன். அலகு அணி (எதையும் மாற்றாத அணி), 180 பாகைச் சுழற்சி, கொஞ்சம் இடப்பெயர்ச்சி, அவ்வளவுதான். முதல் இரண்டையும் திருப்பிப் போட்டாலும் அதே அணிதான் வரும். அளவு மாற்றம் ஓர் இடத்தில்கூட இல்லை. தவறு வெளிப்படவே முடியாத சோதனைகள் அவை.

எழுதிக் கேட்டேன். “அளவு மாற்றாமல் பயன்படுத்துங்கள்” என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கோப்பைத்தான் தரவிறக்கிவிட்டீர்களே” என்று கைவிரித்துவிட்டார்கள். “எந்த 4×4 அணிக்கும்” என்ற வரியை இன்றுவரை நீக்கவில்லை.

எந்த லைப்ரரி வாங்கினாலும் முதல் நாளே ஓர் அணியை உருவாக்குங்கள்: 30 பாகைச் சுழற்சி, மூன்று அச்சுகளுக்கும் 2, 3, 5 எனத் தனித்தனி அளவு, கூடவே இடப்பெயர்ச்சி. அதை அதன் நேர்மாறோடு பெருக்குங்கள். மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0 வர வேண்டும். கடைசி தசம இலக்கங்களில் மட்டும் சிறு வேறுபாடு இருக்கலாம். பூஜ்ய வெக்டரை அலகு வெக்டராக்கியும், அதாவது அதன் நீளத்தால் வகுத்தும், பாருங்கள். நீளம் 0 என்பதால் 0/0 வரும். லுவாவில் 0/0 பிழைச் செய்தி எதுவும் தராது. எண்ணல்லாத மதிப்பாகி அடுத்தடுத்த கணக்குகளுக்கெல்லாம் பரவும். இந்த லைப்ரரியில் அதற்கும் காப்பு இல்லை.

இணைக்காரணிகளை (அணியின் சிறு பகுதிகளின் அணிக்கோவைகளைக் குறியோடு எடுப்பது) கொண்டு நேர்மாறை நானே எழுதிக்கொண்டேன். இப்போது பூட்டைத் தொட்டால் கதவு திறக்கிறது.