பன்னிரண்டு மணிக் கச்சேரிக்குப் போங்கள்

கர்நாடக இசைக் கச்சேரிகள் வரிசையாக நடக்கும் சென்னை டிசம்பர் சீசன் வசதியானவர்களுக்கான விழா என்று ஒதுங்கி நிற்பவர்கள் நிறைய. கச்சேரிகளை நடத்தும் அமைப்புகளான சபாக்களில் பெரியவற்றில் மாலைக் கச்சேரியின் முன்வரிசை டிக்கெட் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நவம்பர் கடைசி முதல் பொங்கல் வரை இந்த ஊரில் காசில்லாமல் கேட்கக் கிடைப்பதை முழுதாகக் கேட்டு முடிக்க ஒரு ஆளால் முடியாது. அதில் எதற்கு மெனக்கெடலாம், பணம் எங்கே கரையும் என்று பார்ப்போம்.

முதல் மதிப்பெண் பகல் கச்சேரிகளுக்குத்தான். பெரும்பாலான சபாக்களில் நண்பகல் 12 மணிக்கும் 2 மணியை ஒட்டியும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள், வாசிப்பார்கள். அனுமதி இலவசம், எந்த வரிசையிலும் உட்காரலாம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான் கொடுப்பார்கள் என்பதால் ராகத்தை நீளமாக விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவியை எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் பாடும் வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனைகள், விரிவான ஒரு பிரதான உருப்படி, தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், நேரம் மிஞ்சினால் துக்கடா என்னும் சின்னப் பாட்டு ஒன்று. பாடுபவருக்கு அந்த மேடை அடுத்த வருடத்துக்கான தேர்வு மாதிரி. வீட்டில் மாதக்கணக்கில் செதுக்கியதைத்தான் கொண்டுவருவார்கள். மாலையில் அதே அரங்கில் மூத்த வித்வான்கள் பாடும் கச்சேரிக்கும் இதற்கும் அனுபவத்தில் வித்தியாசம் உண்டு, உழைப்பில் கிடையாது.

இன்னொரு லாபம், கிட்டத்தில் பார்க்க முடிவது. கச்சேரிக்குப் பத்து நிமிடம் முன்பே போய் இரண்டாவது வரிசையில் உட்காருங்கள். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் நடுவில் அப்புவார், தட்டிப் பார்ப்பார், நாதம் கனமாக இருந்தால் கொஞ்சம் கிள்ளி எடுப்பார். பிறகு வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டி, தம்புரா சுருதியோடு சேர்ப்பார். அரங்கின் குளிரில் தோல் இறுகி சுருதி மாறினால், பாட்டுக்கு நடுவிலும் இந்த வேலை நடக்கும். மாலையில் இருபதாவது வரிசையிலிருந்து இதெல்லாம் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. பகல் கச்சேரிக்கு ஒலி அமைப்பைச் சரிபார்க்க நேரம் கொடுப்பது குறைவு. முதல் இரண்டு பாட்டில் மிருதங்கம் குரலை அமுக்கிவிடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக உட்கார்ந்தால் தலைவலிதான். ஒலி இப்படித் தொல்லை தந்தால் நடுப்பகுதியில் ஆறு முதல் எட்டாவது வரிசைக்கு மாறிக்கொள்வது பாதுகாப்பு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப்பேர் கேன்டீனுக்கு எழுந்து போவதும் உண்டு. நீங்கள் போகாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மிருதங்கக்காரர் அவ்வளவு நேரம் ரவையோடு போராடினார்.

மியூசிக் அகாடமியில் காலை 8 மணியை ஒட்டி நடக்கும் செயல்முறை விளக்க உரைகள் இலவசம். அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெறுபவர் தலைமையில் அங்கே நடக்கும் இசை மாநாட்டின் பகுதி அவை. ஒரு ராகத்தின் வரலாறு, பாட்டும் மெட்டும் தாமே அமைத்த ஒரு வாக்கேயக்காரரின் பாணி, ஒரு வாத்தியத்தின் அமைப்பு என்று பொருள் தினமும் மாறும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். பாடிக்காட்டுவது எல்லோருக்கும் புரியும். பெயர்பெற்றவர்களைக் காசில்லாமல் கேட்க வேண்டுமானால், மற்ற சபாக்கள் முழு வேகம் எடுக்கும் முன்பே தொடங்கிவிடும் மயிலாப்பூர் பாரதிய வித்யா பவன் விழாவைப் பிடியுங்கள். அங்கே வழக்கமாக டிக்கெட் கிடையாது. ஆறரை மணிக் கச்சேரிக்கு ஐந்தரைக்கே போகாவிட்டால் நிற்க வேண்டிவரும். லஸ் அவென்யூவில் ராகசுதா அரங்கமும் இதே ரகம், சின்னக் கூடம், நல்ல நெருக்கம்.

மார்கழி பிறந்த பிறகு விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளுக்குப் போய்ப் பாருங்கள். பாடல்கள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய பஜனை மரபு இன்னும் தொடர்கிறது. மைக் இல்லாமல், நடந்துகொண்டே பாடுகிற பாட்டு. கோயிலில் சுடச்சுடப் பொங்கல் பிரசாதம் கிடைத்தால் காலைச் சாப்பாடும் முடிந்தது.

பட்ஜெட் உடைவது டிக்கெட்டில் அல்ல, கேன்டீனிலும் ஆட்டோவிலும். சபா கேன்டீனில் சாப்பிட டிக்கெட் வேண்டாம், யாரும் நுழையலாம். ஆனால் இலைச் சாப்பாட்டின் விலை சாதாரண ஓட்டலைவிட எகிறிவிடும். அடை அவியல் ஒரு தட்டு வாங்கி இருவர் பகிர்ந்து, ஆளுக்கொரு காபி குடித்தால் கேன்டீனின் ருசியும் தெரியும், பர்ஸும் தாங்கும். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது: சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 12 மணிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் அது முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். 3 மணிக்குள் மூடிவிடுவார்கள், சாதம் அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஆட்டோ செலவுக்குக் காரணம் ஒரே நாளில் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் அலைவது. ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் போதும். வாணி மஹால், கிருஷ்ண கான சபா, பாரத் கலாச்சார் மூன்றும் தி.நகரில் நடக்கிற தூரம். அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில், பொடிநடையாக இருபது நிமிடம். மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கலாம். லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும்வரை பேருந்துகள் சுற்றிப் போகும் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பயணம் இலவசம். குடையும் ஒரு சால்வையும் அவசியம். டிசம்பரில் மழை திடீரென்று வரும், அரங்கின் ஏ.சி. அதைவிட மோசம்.

இப்படி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரே ஒரு மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் ராகத்தை அவசரமில்லாமல் விரிப்பதைக் கேட்க வேறு வழியில்லை. யாரைக் கேட்பது என்று பகல் கச்சேரிகளை வைத்தே முடிவு செய்யலாம்: எந்த மாணவரின் பாட்டு மனதில் நின்றதோ, அவருடைய குருவின் கச்சேரி நிரலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். விலை குறைந்த கடைசி வரிசைகள்தான் முதலில் தீரும். விற்பனை தொடங்கும் நாளை சபா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசை ஒட்டாதவர்கள் பொங்கலுக்குக் காத்திருக்கலாம். அரசு நடத்தும் சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழாவில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் இலவசம். பறைக்கு மட்டும் முன்னால் போய் நில்லுங்கள். தீயில் காய்ச்சிய தோலின் அதிர்வு நெஞ்சில் படுகிற தூரத்தில் கேட்க வேண்டிய வாத்தியம் அது.