கிமி நி டோடோகே: முப்பது தொகுதியில் முதல் பதினொன்றை வாங்குங்கள்

காதல் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வாசிக்கிற எல்லாருக்கும் ஒரு கோபம் வரும்: இரண்டு பேருக்கும் இவ்வளவு விருப்பம் இருக்கிறது, பிறகேன் இன்னும் வாய் திறக்கவில்லை? அந்தத் தாமதம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தாலே தொடரின் தரம் தெரிந்துவிடும். ஆளின் குணத்திலிருந்து வந்தால் எத்தனை தொகுதியும் பொறுத்திருக்கலாம். பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருத்தி ஓடுகிறாள், சொல்ல வந்த நேரம் பார்த்து மூன்றாம் ஆள் கதவைத் திறக்கிறான் என்று எழுதுகிறவரே குறுக்கே வந்து நின்றால் மூன்றாம் தொகுதியிலேயே அலுத்துவிடும்.

ஷீனா கருஹோவின் ‘கிமி நி டோடோகே’ முதல் வகை. 2008இல் கோடன்ஷா மங்கா விருது பெற்றது, 2017இல் 30 தொகுதிகளோடு முடிந்தது. இதன் முதல் பதினொரு தொகுதிகளுக்குக் கிட்டவாக வரக்கூடிய பள்ளிக்கூடக் காதல் மங்கா மிகக் குறைவு. அதற்குப் பிறகு வருகிற ஒரு பத்துத் தொகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கதை ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோவில் நடக்கிறது. சவாகோ குரோனுமாவுக்குக் கறுப்பு நீள முடி, வெளிறிய முகம், சிரிக்க வெளிக்கிட்டால் பயங்கரமாகப் போய்விடுகிற சிரிப்பு. ஒரு பேய்ப்படத்துப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் வகுப்பே அவளைக் கூப்பிடுகிறது. அவளோடு கண்ணுக்குக் கண் பார்த்தால் கெட்டது நடக்கும் என்று நம்புகிறார்கள். கசேஹாயா ஷோதா எல்லாருக்கும் பிடித்த பெடியன். அவன் மட்டும் அவளோடு சாதாரணமாகக் கதைக்கிறான். இதுவரைக்கும் ஆயிரம் கதைகளில் பார்த்த அமைப்புத்தான். ஷீனா செய்கிற வித்தியாசம் சவாகோவின் குணத்தில் இருக்கிறது. ஊர் தன்னை ஒதுக்குகிறது என்று அவள் குமையவில்லை. பேய்க்கதை கேட்க ஆசைப்படுகிறார்களே, நாலு பேய்க்கதை சேர்த்து வைத்தால் உதவும் என்று நினைக்கிறாள். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அது தனக்குக் கிடைத்த பெரிய கொடை என்று எடுத்துக்கொள்கிறாள்.

இந்த நன்றியுணர்ச்சிதான் பின்னால் வரும் முழுச் சிக்கலுக்கும் வேர். கசேஹாயாவை அவள் மிக உயரத்தில் வைத்துவிடுகிறாள். அவன் காட்டுகிற அன்பு எல்லாருக்கும் காட்டுகிற அன்புதான் என்று முடிவுகட்டுகிறாள். அவனுக்கோ அவள் தன்னை மதிக்கிறாள், அவ்வளவுதான், விரும்பவில்லை என்ற பயம். இருவரும் விருப்பத்தைச் சொன்ன பிறகுகூட ஒருவர் சொன்ன விருப்பம் மற்றவரின் விருப்பத்தோடு ஒன்றல்ல என்று நினைத்து நிற்கிறார்கள். இதில் தற்செயல் எதுவுமில்லை. முதல் தொகுதியில் எங்களுக்கு அவளைப் பிடிக்கச் செய்த அதே குணம் எட்டாம் ஒன்பதாம் தொகுதிகளில் அவளுக்கே தடையாக நிற்கிறது. கதையின் கட்டுமானத்தில் மிக வலுவான இடம் இதுதான்.

காதலர் தினத்துச் சொக்கிலேற் காட்சியைக் கவனமாக வாசியுங்கள். அங்கே பெப்ரவரி 14 அன்று கொடுப்பது பெண்கள். நட்புக்கும் மரியாதைக்கும் கொடுக்கிற சாதாரண சொக்கிலேற் ஒன்று, விரும்புகிறவனுக்குத் தன் கையால் செய்து கொடுப்பது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பெடியள்தான் பூவும் அட்டையும் கொண்டு திரிவார்கள் என்பதால் இந்த வித்தியாசம் தெரியாமல் வாசித்தால் காட்சி பிடிபடாது. சவாகோ மற்றவர்களுக்கு இலேசாகக் கொடுத்துவிடுகிறாள். கசேஹாயாவுக்குச் செய்ததைக் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அதில் மட்டும்தான் உண்மையான கனம் இருக்கிறது. அவனுக்குத் தெரிவது எல்லாருக்கும் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும். அடுத்த மூன்று தொகுதிகளின் துயரமும் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

பாத்திரங்களில் முதலிடம் நாயகிக்கோ நாயகனுக்கோ இல்லை, குருமிக்குத்தான். வடிவானவள், எல்லாருக்கும் இனிமையாகப் பேசுகிறவள், கசேஹாயாவை நெடுநாளாக விரும்புகிறவள். சவாகோவின் சிநேகிதிகளான யானோ, யோஷிதா இருவரையும் பற்றிக் கேவலமான கதை கட்டி, அதைச் சவாகோ பரப்பினாள் என்று ஆக்கிவிடுகிறாள். பள்ளிக்கூடத்திலோ டியூசனிலோ ஒரு கதை எப்படிப் பரவும், யார் வாயில் தொடங்கியது என்று கேட்டால் ஒவ்வொருவரும் எப்படி அடுத்த ஆளைக் காட்டுவார்கள் என்பது யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்க வேண்டிய விசயமில்லை. இரண்டாம் தொகுதியில் அந்தக் கதை வகுப்புக்குள் ஊர்ந்து போகும் பக்கங்கள் அவ்வளவு சரியாக இருக்கும். சாதாரண ஷோஜோ மங்காவில், அதாவது பெண்பிள்ளைகளை நினைத்து எழுதுகிற மங்காவில், இப்படிப்பட்டவள் பிடிபட்டு, அழுது, காணாமல் போவாள். குருமி போகவில்லை. தான் செய்தது முழுவதும் வெளிவந்த பிறகும் கசேஹாயாவிடம் நேரே போய்த் தன் விருப்பத்தைச் சொல்லி மறுப்பை வாங்குகிறாள். பிறகு சவாகோ தயங்கிப் பின்வாங்குகிற நேரம் வந்து அவளை ஏசுகிறவளும் இவள்தான். தோற்றது ஒரு உண்மையான போட்டிக்காரியிடம் என்று இருந்தால்தான் அவளுக்கும் மானம். வில்லியைத் திருத்தி நல்லவளாக்கும் மலிவான வேலை இங்கே இல்லை. குணம் அப்படியே இருக்கிறது, அது பார்க்கிற திசைதான் மாறுகிறது.

யானோ அயானே பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாருடைய மனமும் புரிகிற, தன் மனம் மட்டும் எதிலும் முழுதாக ஒட்டாத பெண். தன்னை விரும்புகிற கென்தோவோடு பழகத் தொடங்குகிறாள். அவன் நல்லவன், ஆனால் அவளுக்கு அந்த அளவு விருப்பம் வரவில்லை. நல்ல பெடியன் கிடைத்தும் மனம் ஒப்பவில்லை என்ற குற்றவுணர்ச்சியை இவ்வளவு நிதானமாக வரைந்த பள்ளிக்கூடக் காதல் மங்கா அரிது. கடைசி ஏழெட்டுத் தொகுதிகளைத் தாங்குவது அவள்தான்.

அப்படியானால் நடுப்பகுதியில் என்ன பிழை? பத்தாம் தொகுதியை ஒட்டி இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதோடு சவாகோவின் பழைய பயம் தீர்ந்துவிட்டது. கதையை நீட்ட வேண்டி ஷீனா அதே பயத்தைக் கசேஹாயாவின் தலையில் ஏற்றுகிறார். அவளைத் தொட்டால் பிழையாகிவிடுமோ, தன் ஆசை கூடிப்போய்விட்டதோ என்று அவன் விலகி நிற்க, அவள் காரணம் தெரியாமல் தவிக்கிறாள். ஒரு தடவைக்கு இது நியாயம். ஒகினாவாச் சுற்றுலா, நத்தார், அடுத்த தவணை என்று பின்புலத்தை மட்டும் மாற்றி அதையே திருப்பி எடுக்கும்போது பக்கம் நகர்கிறது, ஆள் நகரவில்லை. யோஷிதா சிசூருவும் ரியூவும் வருகிற அத்தியாயங்கள் மட்டும் இந்தப் பகுதியைக் காப்பாற்றுகின்றன. பக்கத்தில் வளர்ந்த பெடியனை அண்ணன் தம்பி மாதிரியே பார்த்துப் பழகியவளுக்கு, அவன் அப்படிப் பார்க்கவில்லை என்று தெரியவருவது. மச்சான் மச்சாள் என்று ஒரே வளவுக்குள் வளர்கிற எங்கள் சனத்துக்கு அந்தத் திகைப்பு நன்றாகப் பிடிபடும்.

கசேஹாயா அளவுக்கு மீறி நல்லவன், உப்புச் சப்பில்லாதவன் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை ஏற்க முடியாது. காமியோ யோகோவின் ‘ஹனா யோரி டாங்கோ’வை எடுங்கள், 37 தொகுதிகள். அதன் நாயகன் டோமியோஜி, தனக்குப் பிடிக்காத மாணவரின் பெட்டகத்தில் சிவப்புத் துண்டு ஒட்டி, முழுப் பள்ளிக்கூடத்தையும் ஏவிவிட்டு அடிப்பிக்கிறவன். தொடக்கத்திலேயே நாயகி மகினோவை வலுக்கட்டாயமாகப் பிடிக்கிற காட்சியும் உண்டு. விடாமல் துரத்தினால் ஒருநாள் அவள் இறங்கி வருவாள் என்ற எண்ணத்தோடு டியூசன் வாசலில் சைக்கிளில் காத்து நிற்கிற கூட்டத்துக்கு அந்தக் கதை தருகிற தைரியம் நல்லதில்லை. மகினோ அருமையான பாத்திரம், எதிர்த்து நிற்கிற பெண். அவளுக்காக வாசிக்கலாம், ஆனால் டோமியோஜியின் முதல் தொகுதிகளைக் காதல் என்று எடுக்கக் கூடாது. கசேஹாயாவுக்கும் பொறாமை வருகிறது, கோபம் வருகிறது, வாயும் அடைத்துப் போகிறது. அப்படியிருந்தும் அவளிடம் கேட்காமல் அவளுக்காக முடிவெடுக்க அவன் தயங்குகிறான். இந்தக் குணத்தைச் சுவாரசியமாக எழுதுவதுதான் கடினம், முதல் பதினொரு தொகுதிகளில் ஷீனா அதைச் சாதித்திருக்கிறார்.

தாமதத்தை முழுதாக நியாயப்படுத்திய தொடர் வேண்டுமென்றால் அது தகாஹாஷி ருமிகோவின் ‘மெய்சோன் இக்கோகு’, 1980 முதல் 1987 வரை வந்த 15 தொகுதிகள். கியோகோ கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாமல் கணவனை இழந்தவள். அவள் நிர்வகிக்கும் பழைய வாடகை வீட்டில் குடியிருக்கும் கோதாய் அவளை விரும்புகிறான். இங்கே ஆள்மாறாட்டமும் பிழையாய் விளங்கிக்கொள்வதும் நிறைய வருகின்றன, அவற்றில் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் அடியில் இருக்கிற தடை உண்மையானது. இன்னொருவனை ஏற்றால் இறந்தவன் பொய்யாகிவிடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். கடைசித் தொகுதியில் கோதாய் அந்தக் கணவனின் கல்லறைக்கு முன் நின்று, அவளுக்குள் இருக்கிற உங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். இளம் வயதில் துணையை இழந்த பெண்கள் இவ்வளவு பேர் வாழ்கிற எங்கள் ஊரில் அந்தப் பக்கத்தை யாரும் இலேசாகத் திருப்பிவிட மாட்டார்கள்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். புத்தகத்தின் முதுகு வலப்பக்கம் இருக்கும்படி பிடித்துத் திறக்க வேண்டும். கட்டங்கள் மேலிருந்து கீழ், ஒவ்வொரு வரிசையிலும் வலமிருந்து இடம். இரண்டு வரிசை உயரத்துக்கு ஒரு நெட்டைக் கட்டம் வலப்பக்கம் நின்றால் அதை முடித்துவிட்டுத்தான் இடப்பக்கத்து இரண்டையும் மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், குழம்பினால் பதில் முதலிலும் கேள்வி பிறகும் வரும். குமிழுக்குள் அடங்காமல் வெள்ளையில் மிதக்கிற வரிகள் மனதுக்குள் நினைப்பவை. ஷோஜோ மங்காவில் பாதிக் கதை அங்கேதான் ஓடுகிறது, அவற்றைத் தாண்டிப் போனால் ஒன்றும் விளங்காது. இன்னொன்று: ஷீனா சவாகோவை அடிக்கடி சிறு பொம்மை உருவமாகச் சுருக்கி வரைவார். திடீரென்று முகம் முழு அளவில், கண்மணியின் ஒளிப்புள்ளியோடு வந்தால் அந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அவள் மற்றவர்களின் கண்ணுக்கு உண்மையாகத் தெரிய வருகிற தருணம் அது.

ஆங்கிலப் பதிப்பு விஸ் மீடியாவின் ஷோஜோ பீட் வரிசையில் வந்தது. 5 அங்குல அகலம், 7½ அங்குல உயரம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 பக்கம். பின்பக்கத்தில் ஜப்பானிய வழக்கங்களுக்குக் குறிப்பு இருக்கிறது, முதலில் அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓ/எல் ஆங்கிலம் தாராளமாகப் போதும். தனித்தனியாகத் தபாலில் எடுப்பதைவிட நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பதுதான் கட்டும். ஒரு தொகுதி 200 கிராமுக்குக் கிட்ட வரும், பதினொன்றும் சேர்ந்து இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும், பெட்டியில் இடம் கேட்கக்கூடிய கனம்தான். முழு முப்பதும் ஆறு கிலோ, அதைக் கேட்பது கரைச்சல். பழைய பிரதிகளைத் தொகுப்பாக வாங்கினால் இடையில் ஏதும் இலக்கம் விடுபட்டிருக்கிறதா என்று படத்தில் முதுகுகளை எண்ணிப் பாருங்கள். பிறகு ஒன்றை மட்டும் தேடுவது வீண் செலவு.

முதல் தொகுதியை மட்டும் வாங்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது பேய்ப்பெண் பகிடியிலேயே அதிகம் நிற்கிறது. சிநேகிதிகளோடு சமாதானமாகிற காட்சி வந்த பிறகுதான் தொடர் என்ன செய்யப் போகிறது என்று தெரியும், ஆகவே குறைந்தது மூன்று.

தாள் மட்டமானது. கார்த்திகை, மார்கழி மழையில் பொருமி, பிறகு மஞ்சளாகும். முதுகு பசையால் ஒட்டியது என்பதால் மேசையில் தட்டையாக மலர்த்திப் பிடித்தால் நடுவில் வெடித்துத் தாள் கழன்று வரும். சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி, நெருக்கி அடுக்காமல் வையுங்கள், கறையானுக்குச் சுவர்தான் வழி.

பிள்ளைகளுக்கு வாங்குகிற பெற்றோருக்கு ஒரு விசயம்: முத்தத்துக்கு மேல் எதுவும் படமாகக் காட்டப்படுவதில்லை. ஆனால் யானோவைப் பற்றிக் கட்டிவிடப்படுகிற வதந்தி பாலியல் சார்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

பதினொன்றுக்குப் பிறகும் ஆசை இருந்தால், இருபதுக்குப் பிந்திய தொகுதிகளை நாலு பேராகச் சேர்ந்து வாங்கிச் சுற்றில் வாசிப்பது நல்லது, யானோவின் முடிவு அங்கேதான் இருக்கிறது. குருமியின் பல்கலைக்கழக நாட்களை வைத்து ஷீனாவே எழுதிய கிளைக்கதையும் இருக்கிறது, அதில் அவளோடு வருகிறவன் சவாகோவின் உறவுக்காரன். குருமியைப் பிடித்தவர்கள் அதை விடக்கூடாது. ஆனால் முப்பதாம் தொகுதிக்கு முன்னம் அதைத் திறக்காதீர்கள், யார் எந்த ஊருக்குப் படிக்கப் போனார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.